காபியில் வரைந்த மோனாலிசா யாருடைய ஓவியம்?

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். இரண்டு ஆண்டுகளாகக் காபி டிகாக்ஷனையே வண்ணமாகக் கொண்டு, உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்குள் காபியை நுழைத்து வரைந்து வருகிறீர்கள். பன்னிரண்டு படங்கள் சேர்ந்துவிட்டன. கோயம்புத்தூரில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு மாதத்துக்குத் தம் கடைச் சுவரைத் தர முன்வந்திருக்கிறார். இவற்றைக் காட்சிக்கு வைத்து விற்கலாமா, சட்டச் சிக்கல் வருமா, நிறம் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "பாதி நகல், மீதி வேடிக்கை, இதில் உன்னுடையது எது?" என்று நண்பர் ஒருவர் கேட்டாராம், அன்றிலிருந்து தூரிகையைத் தொட மனம் வரவில்லையாம். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, மற்ற மூன்றுக்கும் வருகிறேன்.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவன். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தாளில் வரைந்த ஓவியங்களையும் பழைய அச்சுப் படங்களையும் சுத்தம் செய்து, பழுது பார்த்து, சட்டமிட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு. காபியோடு எனக்கு இருக்கும் தொழில் உறவு பெரும்பாலும் பகைதான். தாளில் கொட்டிய காபியை எடுத்துத் தரச் சொல்லித்தான் ஆட்கள் என்னிடம் வருவார்கள். வேண்டுமென்றே காபியால் வரைந்த படங்களும் அவ்வப்போது மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே தாள், கறை, ஒளி, பூஞ்சை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வது என் ரசனை, மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சட்டம் பற்றிச் சொல்வது தொழிலை முன்னிட்டுத் தெரிந்துகொண்டது. நான் வழக்கறிஞன் அல்லன்.

நண்பரின் கேள்விக்கு வருவோம். பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது, ஓவியர்கள் காலங்காலமாகக் கைபழகிய வழி. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறக்கப்பட்ட நாளிலிருந்தே ஓவியர்களை உள்ளே அமர்ந்து பார்த்து வரைய அனுமதித்து வருகிறது. அதற்கு அங்கே விதிகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை இரண்டு: நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது, மூல ஓவியரின் கையொப்பத்தை அதில் இடக் கூடாது. ஏமாற்றுக்கும் பயிற்சிக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த இரண்டு விதிகளும் எத்தனையோ கட்டுரைகளைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. இனி, நாம் 'மூலம்' என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் ஓவியங்களே எவ்வளவு மூலமானவை என்றும் பார்க்க வேண்டும். 1863-இல் பாரிஸையே கொதிக்க வைத்த, பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'புல்வெளி விருந்து' ஓவியத்தில், புல்லில் அமர்ந்திருக்கும் மூவரின் அமைப்பு அவர் கற்பனையில் பிறந்தது அன்று. ரஃபேல் வரைந்த ஒரு காட்சியை மார்க்கான்டோனியோ ரைமொண்டி என்பவர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அந்த அச்சுப் படத்தின் வலது மூலையில் இதே மூவர் இதே கை கால் நிலையில் அமர்ந்திருக்கிறார்கள். மானேயை அதற்காக யாரும் நகலெடுப்பவர் என்று சொல்வதில்லை.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான சான்று வான் கோ. 1889-இலும் 1890-இலும் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த மாதங்களில், மாடல் கிடைக்காமலும் வெளியே போக முடியாமலும் தவித்த அவர், மில்லே என்ற மூத்த ஓவியரின் படங்களைப் பார்த்து ஏறக்குறைய இருபது ஓவியங்கள் வரைந்தார். அவர் கையில் இருந்தவை மில்லேயின் ஓவியங்கள் அல்ல, அவற்றின் கறுப்பு வெள்ளை அச்சுகள் மட்டுமே. அந்தக் கறுப்பு வெள்ளைக்குத் தம் மனத்திலிருந்து நிறம் கொடுத்தார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் இதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பது போன்றது என்றும், பேத்தோவன் எழுதிய இசையை ஒரு கலைஞன் தன் போக்கில் வாசிப்பது போன்றது என்றும் விளக்கியிருக்கிறார். நம் ஊரில் இதைப் புரிய வைப்பது எளிது. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும் ஒருவரிடம் "இதில் உன்னுடையது எது" என்று யாரும் கேட்பதில்லை. பாடினால் தெரிந்துவிடும்.

வான் கோ கறுப்பு வெள்ளையிலிருந்து நிறத்துக்குப் போனார், நீங்கள் நிறத்திலிருந்து ஒற்றைப் பழுப்புக்கு வருகிறீர்கள். இதற்கும் நெடிய மரபு உண்டு. மரப்புகைக் கரியிலிருந்து எடுத்த பிஸ்டர் என்னும் பழுப்பு மையிலும், கணவாய் மீனின் மையிலிருந்து செய்த செபியாவிலும் ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்திருக்கிறார்கள். ரெம்பிராண்டின் பழுப்பு மைக் கோட்டோவியங்களில் சில, அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களைவிட எனக்குப் பிடிக்கும். ஆகவே டிகாக்ஷனில் வரைவதை விநோதப் பொருட்காட்சிச் சாமானாக நீங்களே நினைக்க வேண்டியதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொண்டால் மொழிபெயர்ப்பாளனின் கடமையும் வந்து சேர்ந்துவிடும்: எது இந்த மொழிக்கு வரும், எது வராது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இணைத்திருந்த ஐந்து புகைப்படங்களைப் பார்த்தபோது எனக்குப் பட்ட குறை இங்கேதான் இருக்கிறது.

வான் கோவின் 'நட்சத்திர இரவை'த் தழுவிய உங்கள் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பையிலிருந்து எழும் ஆவியே வானத்துச் சுழலாக மாறுவதாக வரைந்திருக்கிறீர்கள். எண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1889-இல் வரைந்த அந்த ஓவியத்தின் உயிர், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடக்கும் மோதலில் இருக்கிறது. பழுப்பில் அது நடக்கவே வழியில்லை. கோடுகளின் சுழற்சி மட்டும் மிஞ்சுகிறது, அது மட்டும் மிஞ்சும்போது படம் மரப்பலகையின் ரேகையைப் போலத் தெரிகிறது. இதைவிடக் கடினமான உதாரணம் மோனேயின் 'உதயத்தின் மனப்பதிவு'. 1872 என்று தேதியிட்ட அந்தப் படத்தில் செம்மஞ்சள் சூரியன் பளிச்சென்று எரிவதாகத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும், ஏனென்றால் அதன் ஒளி அளவும் சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் ஒளி அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். அந்த ஓவியத்தைக் காபியில் வரைய முனைபவர் சூரியன் இல்லாத உதயத்தைத்தான் வரைவார். எனவே அடுத்த படத்தைத் தொடங்கும்முன், மூலத்தின் புகைப்படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் படம் பேசினால் எடுங்கள், ஊமையாகிவிட்டால் விட்டுவிடுங்கள்.

மோனாலிசா இந்தச் சோதனையில் தேறிவிடுவாள். நிழலுக்கும் ஒளிக்கும் நடுவே எல்லை தெரியாமல் கரைவதே அந்த முகத்தின் நுட்பம், கரைசலான டிகாக்ஷனுக்கு அது இயல்பாகவே வரும். உங்கள் படத்திலும் கன்னத்துச் சரிவு அழகாக வந்திருக்கிறது. என் தயக்கம் அவள் கையில் நீங்கள் வைத்திருக்கும் டபரா டம்ளர் பற்றியது. 1519-இல் லியனார்டோ இறந்தபோது ஐரோப்பாவில் காபிக் கடைகளே கிடையாது. அந்தக் காலமுரண்தான் சிரிப்பு மூட்டுகிறது. ஆனால் 1919-இல் மார்செல் டூஷாம்ப் மோனாலிசா அச்சிட்ட ஓர் அஞ்சலட்டையில் மீசை வரைந்தபோதே அந்தச் சிரிப்பின் பெரும்பகுதி செலவழிந்துவிட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளாக அவள் கையில் வைக்காத பொருள் இல்லை, அவளை அச்சிடாத பொருளும் இல்லை, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தங்கள் உட்பட. 2009-இல் சிட்னியின் 'தி ராக்ஸ்' பகுதியில் நடந்த காபித் திருவிழாவில் 3,604 கோப்பைக் காபியைத் தரையில் அடுக்கி, பாலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் நிழல் ஒளி காட்டி, ராட்சத மோனாலிசா ஒன்றை உருவாக்கினார்கள். அதை நான் உங்கள் படத்தைவிட மேலாக மதிக்கிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே காபி வேலை செய்தது, பால் கலக்கும் விகிதமே தூரிகையாகிவிட்டது. உங்கள் மோனாலிசாவில் டம்ளரை அழித்துவிட்டுப் பார்த்தால் நல்ல பழுப்பு மோனாலிசா ஒன்று மிஞ்சும். டம்ளர் அவளுக்கு எதையும் சேர்க்கவில்லை.

இப்போது உங்கள் படங்களுள் எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். வெர்மீரின் 'பால்காரி' ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய படம். சுவரில் அறைந்த ஆணியும், பிடுங்கிய ஆணியின் துளையும்கூடத் தெரியும் அளவுக்கு அமைதியானது. அதில் பெண் குடத்திலிருந்து பால் ஊற்றும் மண்பாத்திரத்துக்குப் பதிலாக நீங்கள் டம்ளரை வைத்திருப்பது மேலோட்டமான மாற்றம். ஆனால் தெரிந்தோ தெரியாமலோ வேறொன்று செய்திருக்கிறீர்கள். படம் முழுவதும் டிகாக்ஷன். குடத்திலிருந்து இறங்கும் பால் ஒழுக்கு மட்டும் தீண்டாத வெள்ளைத் தாள். அதாவது அந்தப் படமே ஒரு பெரிய டம்ளர் டிகாக்ஷன், அதில் பால் விழப் போகும் கணத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெர்மீர் இதைச் செய்திருக்க முடியாது, எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையும் ஒரு வண்ணம்தான். காபியில் வரைந்ததால் மட்டுமே சாத்தியமான ஒன்று இது. "இதில் உன்னுடையது எது" என்று நண்பர் மறுபடி கேட்டால் அந்தப் பால் ஒழுக்கைக் காட்டுங்கள்.

அந்தத் திசையில் இன்னும் போக விரும்பினால், காபி ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஓவியங்களைத் தேடுங்கள். சார்தான் 1760 வாக்கில் வரைந்த 'நீர்க் குவளையும் காபிக் கெண்டியும்' பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. செசான் வரைந்த 'காபிக் கெண்டியுடன் பெண்' பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட நான் பரிந்துரைப்பது 1885-இல் நியூனன் என்ற சிற்றூரில் வான் கோ வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. தலைப்பைப் பார்த்துவிட்டுப் பலரும் கவனிக்காமல் விடுவது, வலது ஓரத்தில் இருக்கும் பெண் கெண்டியிலிருந்து கோப்பைகளுக்கு ஊற்றிக்கொண்டிருப்பது காபி என்பதை. நிறமும் உங்களுக்குத் தோதானது. மண் படிந்த, தோலுரிக்காத உருளைக்கிழங்கின் நிறம் என்று வான் கோவே சொல்லியிருக்கிறார். இதே காட்சியை அவர் அப்போது கல்லச்சிலும் போட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். அதைப் பெற்ற ஓவிய நண்பர் வான் ரப்பார்ட், அந்தக் காபிக் கெண்டி மேசைமேல் நிற்கவும் இல்லை, கையில் பிடித்திருப்பதாகவும் இல்லை, பிறகு அது என்னதான் செய்கிறது என்று கேட்டுக் கடுமையாகக் கடிதம் எழுதினார். அவர்கள் நட்பில் விரிசல் விழுந்தது அந்தக் கடிதத்தால்தான். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் திட்டு வாங்கிய அந்தக் கெண்டிக்குக் காபியாலேயே ஒரு நியாயம் செய்ய உங்களால் முடியும்.

பொருளின் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படங்களில் ஓரங்கள் கருத்து வளையமாகக் காய்வதைக் குறையாகச் சொல்லியிருந்தீர்கள். அது உங்கள் கைக்குற்றம் அன்று. ஒரு துளி காயும்போது அதன் விளிம்பு தாளைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பில் நீர் வேகமாக ஆவியாக, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிப்புறம் ஓடுகிறது, ஓடும் நீர் நுண்துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. 1997-இல் ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழகத்து உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது, 'காபி வளைய விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வளையம் வேண்டாத இடத்தில் தாளை முன்பே சீராக நனைத்துக்கொண்டு, படுக்கை வசமாக வைத்துக் காய விடுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் அதை ஒழிக்க நினைப்பது, நாதஸ்வரத்தை வயலின்போல் ஒலிக்க வைக்க முயல்வது மாதிரி. மேகத்தின் விளிம்பு, துணியின் மடிப்பு, கோப்பையின் வாய் ஆகியவற்றை வளையமே வரைந்து தரும்.

இனி நிறம் நிற்குமா என்ற கேள்வி. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். காபியின் பழுப்பு, கொட்டையை வறுக்கும்போது சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து உண்டாகும் மெலனாய்டின்கள் முதலான சேர்மங்களால் வருவது. ஓவியக் கடையில் விற்கும் பழுப்பு வண்ணத்தில் இருப்பது மண்ணிலிருந்து வரும் இரும்பு ஆக்சைடு. அது நூற்றாண்டுகள் கடந்தும் அசையாது. காபிச் சாயம் அப்படிப்பட்டது அன்று. நேரடி வெயிலில் வைத்தால் நிச்சயம் வெளிறும், மெல்லிய பூச்சுகள்தான் முதலில் போகும். அதாவது நீங்கள் உயிரைக் கொடுத்து வரைந்த கன்னத்துச் சரிவு மறைந்து, கருமையான இடங்கள் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். காபியின் அமிலத் தன்மையும் உண்மையே, அமிலத்தை அளக்கும் பிஹெச் அளவுகோலில் அது ஏறக்குறைய 5 (7-க்குக் கீழே இருந்தால் அமிலம்). அமிலம் தாளின் நாரை மெல்ல அரிக்கும், மலிவான மரக்கூழ்த் தாளில் இது விரைந்து நடக்கும். இது வரை உறுதி. எத்தனை ஆண்டுகள் என்பதற்கு மட்டும் யாரும் ஒற்றை எண் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கொட்டை, எவ்வளவு வறுவல், என்ன தாள், எந்தச் சுவர் என்பதைப் பொறுத்து அது மாறும். இருட்டில், கோப்புக்குள் வைத்த படங்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சன்னலுக்கு எதிரே மாட்டிய படம் ஒன்று இரண்டு கோடைகளுக்குள் பாதியாகிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தாளில் சிக்கனம் வேண்டாம். முழுப் பருத்தியால் ஆன, அமிலமற்ற, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) நீர்வண்ணத் தாளையே எடுங்கள். டிகாக்ஷன் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அது சிக்கரி. குடிப்பதற்குச் சிக்கரி கலந்த தூள் எவ்வளவு சுகமோ, வரைவதற்கு அவ்வளவு தொல்லை. சிக்கரி வேரில் உள்ள மாவுச்சத்து போன்ற இனுலின், வறுக்கும்போது பாகு போலாகிறது. கெட்டியாகப் பூசினால் பளபளவென்று காய்கிறது, மழைக்காலத்தில் மறுபடி பிசுபிசுக்கிறது. கலப்பில்லாத தூளில் டிகாக்ஷன் இறக்கி, அடிமண்டி வராமல் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, அகன்ற தட்டில் ஊற்றி நிழலில் வற்ற விட்டுக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் தாளின் பக்கமே வரக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கும் எறும்புக்கும் கரப்பானுக்கும் அதைவிட வெளிப்படையான அழைப்பிதழ் கிடையாது. இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். காபியில் பிசின் இல்லாததால், காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகை பட்டால் அடியில் இருப்பது கரைந்து எழும். சிறிது வேலம் பிசின் கரைசல் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஓர் இரவு காய விட்டால், இந்தக் கரைதல் ஓரளவு குறையும்.

காபிக் கடைச் சுவர் பற்றி எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு, அதில் குற்றவாளி நானே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியருக்காக எட்டு நீர்வண்ணப் படங்களைச் சட்டமிட்டேன். காட்சிக்கு வைத்த இடம் ஓர் உணவகம். செலவைக் குறைக்க வேண்டும் என்று அவர் கேட்டதால், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்ட் எனப்படும் இடைவெளி அட்டை வைக்காமல் நேராகவே பொருத்திக் கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழையும் சமையலறை ஆவியும் சேர்ந்து, மூன்று வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்துவிட்டது. இரண்டு படங்களில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்தது. அவை வெறும் நீர்வண்ணம். காபியாக இருந்திருந்தால் எட்டில் ஒன்றும் மிஞ்சியிராது. எனவே மவுண்ட் கட்டாயம், பின்பலகையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். காபி இயந்திரத்தின் ஆவி படும் சுவரையும் வெயில் விழும் சுவரையும் விட்டுவிட்டு உட்சுவரைக் கேளுங்கள். தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் மங்கலான ஒளி அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு). கடையில் அது நடக்காது. ஆனால் புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ கிடைக்கிறது, விலை சற்றுக் கூடுதல். பன்னிரண்டுக்கும் முடியாவிட்டால், விற்கப் போகும் படங்களுக்காவது போடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். லியனார்டோ, வெர்மீர், வான் கோ, 1926-இல் இறந்த மோனே, நம் ரவி வர்மா ஆகிய எல்லோரும் அந்த எல்லையைத் தாண்டியவர்கள். அவர்கள் படங்களைத் தழுவி வரையவும் விற்கவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்தியவை இரண்டு. ஒன்று 'நைட்ஹாக்ஸ்'. நள்ளிரவு உணவகத்தில் இரண்டு பெரிய காபிக் கலன்கள் பளபளக்கும் அந்த 1942-ஆம் ஆண்டு ஓவியம் உங்கள் கருப்பொருளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது, ஆனால் அதை வரைந்த எட்வர்ட் ஹாப்பர் இறந்தது 1967-இல். இந்தியக் கணக்குப்படி 2027 டிசம்பர் 31 வரை அதற்கு உரிமை உண்டு; 70 ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில் 2037 வரை. மற்றொன்று உருகும் கடிகாரங்களை உருகும் கோப்பைகளாக்கிய படம். அதன் மூலத்தை வரைந்த டாலி 1989-இல்தான் இறந்தார், ஆகவே இங்கே 2049 வரை காத்திருக்க வேண்டும். "மாற்றித்தானே வரைந்தேன்" என்ற வாதம் சில சமயம் எடுபடும், சில சமயம் எடுபடாது. அமெரிக்காவில் பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை ஆண்டி வாரோல் மாற்றி வரைந்த படத்தை இதழ் ஒன்றுக்கு உரிமம் கொடுத்த வழக்கில், 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வாரோல் அறக்கட்டளைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வீட்டில் மாட்டிக்கொள்வது வேறு, விலை போட்டு விற்பது வேறு. இந்த இரண்டு படங்களையும் காட்சியிலிருந்து எடுத்துவிடுவதே என் ஆலோசனை. வைத்தே தீர வேண்டும் என்றால் பதிப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு வையுங்கள். காபி நிறுவனங்களின் வணிகச் சின்னங்களையும் படத்துக்குள் கொண்டுவராதீர்கள், அது தனி வம்பு.

பார்த்து வரைய நல்ல படங்கள் வேண்டுமென்றால், ரெய்க்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் உரிமைக் காலம் முடிந்த தம் ஓவியங்களின் உயர்தரப் புகைப்படங்களை இலவசமாகவே தருகின்றன. படத்தின் அடியில் வைக்கும் சீட்டில் மறைக்காமல் எழுதுங்கள்: உங்கள் பெயர், தலைப்பு, 'வெர்மீரின் பால்காரியைத் தழுவியது', தாளில் காபி, அளவு, ஆண்டு. மூலத்தின் அளவைத் தவிர்ப்பதும் வெர்மீரின் கையொப்பத்தை இடாமல் இருப்பதும் உங்களுக்கும் நல்ல பழக்கமே. வாங்குபவரிடம் நிறம் வெளிறக் கூடியது என்பதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எப்படி மாட்ட வேண்டும் என்ற குறிப்போடு எழுதிச் சட்டத்தின் பின்னால் ஒட்டுங்கள். வாங்க வந்தவர் பின்வாங்குவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். என் அனுபவத்தில், சொல்லாமல் விற்ற படம்தான் திரும்பி வருகிறது. விற்பதற்கு முன்பே, வரைந்த சில வாரங்களுக்குள், ஒவ்வொரு படத்தையும் தரமாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிறமி மையில் எடுத்த அச்சுகள் மூலத்தைவிட நீண்ட நாள் நிற்கும் என்பது சற்று வேடிக்கையான உண்மை, அவற்றைக் குறைந்த விலைக்குத் தனியாகவும் விற்கலாம்.

கடைக்காரருக்குத் தேதி சொல்லும்முன் ஒரு சிறு வேலை செய்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தாளில் விரல் அகலப் பட்டை ஒன்றை வெட்டி, உங்கள் டிகாக்ஷனின் ஐந்து அடர்த்திகளையும் வரிசையாகப் பூசுங்கள். பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, தெற்குப் பார்த்த சன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக் காபி, உங்கள் தாளில், உங்கள் ஊர் வெயிலில் என்ன ஆகும் என்பது நான் இவ்வளவு நேரம் எழுதியதைவிடத் துல்லியமாகத் தெரியும். ஐந்தில் எத்தனை மிஞ்சுகின்றனவோ, அத்தனையைக் கொண்டு மட்டும் வான் கோவின் அந்தக் காபிக் கெண்டியை வரையத் தொடங்குங்கள்.